978-ஆ, 1090-ஆ? சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு ஏடிஎஸ்-பி வாங்குமுன்

கேள்வி: டெக்சஸில் வீட்டு கராஜில் இரண்டு பேர் அமரும் உலோக விமானம் ஒன்றைக் கட்டிவருகிறேன். எஞ்சின் லைகாமிங் ஓ-320. நான் பறக்கப்போகும் ஓடுதளம் டல்லாஸ்-ஃபோர்ட்வொர்த் விமான நிலையத்திலிருந்து 22 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. பேனலுக்கு ஈஃபிஸ் திரை (வேகம், உயரம் எல்லாம் காட்டும் மின்னணுத் திரை) வாங்கிவிட்டேன். அதோடு சின்ன ஜிபிஎஸ் ஆன்டெனா ஒன்றும் வந்தது. பழைய மோட் சி டிரான்ஸ்பாண்டர் (ரேடார் கேட்டால் எண்ணையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும் பெட்டி) ஒன்றை நண்பர் மலிவாகத் தருகிறேன் என்கிறார். ஏடிஎஸ்-பி அவுட்டுக்கு (விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி) 2,500 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். 978 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் பெட்டி வாங்குவதா, 1090 வாங்குவதா? ஈஃபிஸின் ஜிபிஎஸ்ஸையே அதற்கும் கொடுத்துவிடலாமா? சோதனை ரக விமானம்தானே, டிஎஸ்ஓ முத்திரை (அரசின் தரச் சான்று) இல்லாத பெட்டி போதாதா?

பதில்: உங்கள் நிலைமைக்கு 1090தான் சரி. ஈஃபிஸ் நிறுவனமே விற்கும், 1090இல் ஏடிஎஸ்-பியும் ஒலிபரப்பும் மோட் எஸ் டிரான்ஸ்பாண்டரையும், அதோடு சேர்ந்து விதிக்குப் பொருந்தும் என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கும் ஜிபிஎஸ்ஸையும் ஜோடியாக வாங்குங்கள். உங்கள் 2,500 டாலரைத் தாண்டும். இருந்தாலும் கடைசியில் கணக்குப் பார்த்தால் அதுதான் உங்களுக்கு மலிவாக முடியும். நண்பரின் டிரான்ஸ்பாண்டர் நண்பரிடமே இருக்கட்டும்.

ஏடிஎஸ்-பி இல்லாமலே சமாளிக்க வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவோம். இல்லை. அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏவின் 91.225 விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டல்லாஸ்-ஃபோர்ட்வொர்த் போன்ற பெரிய நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் வளையத்துக்குள், தரையிலிருந்து 10,000 அடி வரை, ஏடிஎஸ்-பி அவுட் கட்டாயம். உங்கள் ஓடுதளமே அந்த வளையத்துக்குள் இருப்பதால் சக்கரம் தரையை விடுவதற்கு முன்பே அது வேலை செய்தாக வேண்டும். எஞ்சினால் ஓடும் மின் அமைப்பே இல்லாமல் சான்று பெற்ற விமானங்களுக்கும், பலூன், கிளைடர்களுக்கும் விலக்கு உண்டு. ஆல்டர்னேட்டர் மாட்டிய ஓ-320க்கு அது பொருந்தாது. ஒரு மணி நேரம் முன்னதாக எஃப்ஏஏவிடம் விண்ணப்பித்து ஒரு முறைக்கு அனுமதி வாங்கலாம். பெட்டி பழுதானால் விமானத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோக அது உதவும். தினசரிப் பறத்தலுக்கு ஆகாது.

டிஎஸ்ஓ விஷயத்தில் நீங்கள் பாதி சரி. விதி கேட்பது முத்திரையை அல்ல, அந்தத் தரத்துக்கு ஈடான செயல்திறனை: 1090க்கு டிஎஸ்ஓ-சி166பி, 978க்கு டிஎஸ்ஓ-சி154சி. அமெச்சூர் பில்ட் விமானத்தில் முத்திரை இல்லாத பெட்டியை மாட்டலாம், எஸ்டிசி (மாற்றம் செய்யத் தனி அனுமதிச் சான்று) தேடி அலைய வேண்டாம். ஆனால் ‘எங்கள் பெட்டி, இன்ன ஜிபிஎஸ்ஸோடு சேரும்போது, 91.227 விதியின் செயல்திறனைப் பூர்த்தி செய்கிறது’ என்று தயாரிப்பாளர் எழுத்தில் தந்திருக்க வேண்டும். அந்தத் தாளில் பெட்டியின் பெயர் மட்டும் இருந்து ஜிபிஎஸ்ஸின் பெயர் இல்லையென்றால் அதை நம்பி வாங்காதீர்கள். பலர் பணத்தை இழப்பது இங்கேதான். நல்ல டிரான்ஸ்பாண்டர், நல்ல ஜிபிஎஸ், ஆனால் இரண்டையும் சேர்த்து யாரும் பொறுப்பேற்கவில்லை.

இனி ஈஃபிஸோடு வந்த ஜிபிஎஸ். அந்தச் சின்ன ஆன்டெனா உங்கள் இடத்தை மூன்று மீட்டர் துல்லியத்தில் காட்டலாம். விதி கேட்கும் துல்லியமோ 0.05 கடல் மைல், அதாவது சுமார் 93 மீட்டர். அப்படியானால் ஏன் தேறாது? 91.227 துல்லியத்தோடு நிற்பதில்லை. என்ஏசி-பி (இடத் துல்லியம்) 8, என்ஏசி-வி (வேகத் துல்லியம்) 1, என்ஐசி (இடத்தைச் சுற்றிய பாதுகாப்பு வட்டத்தின் அளவு) 7 ஆகியவற்றுக்குக் குறையக்கூடாது, எஸ்டிஏ (கருவி அமைப்பின் நம்பகத் தரம்) 2, எஸ்ஐஎல் (இடத் தகவலின் நம்பகத் தரம்) 3 இருக்க வேண்டும் என்கிறது. இவற்றில் என்ஐசியும் எஸ்ஐஎல்லும் சேர்ந்து கேட்பது ஓர் உத்தரவாதம்: ‘என் உண்மையான இடம் நான் சொல்லும் இடத்திலிருந்து 0.2 கடல் மைல் வட்டத்துக்கு வெளியே போய்விட்டு, அதை நான் கண்டுபிடிக்காமல் இருக்கும் வாய்ப்பு, பறக்கும் மணிக்குக் கோடியில் ஒன்றுக்கு மேல் இல்லை.’ ஒரு செயற்கைக்கோள் தப்பான தகவல் தந்தால் அதைக் கண்டுபிடித்து ஒதுக்கத் தெரிந்த, வாஸ் (ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் சேவை) வசதியுள்ள, அதற்கென்றே வடிவமைத்த ரிசீவர்தான் இந்த உத்தரவாதத்தைத் தர முடியும். சாதாரண ரிசீவர் என்எம்இஏ என்ற பொதுவான தரவு வடிவத்து வரிகளில் அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், நேரம் அனுப்பும். பாதுகாப்பு வட்டத்தின் அளவு அதில் இருக்காது. வராத தகவலை டிரான்ஸ்பாண்டர் எங்கிருந்து ஒலிபரப்பும்?

இதில் ஒரு விபரீதமும் உண்டு. சில பெட்டிகளின் அமைப்புத் திரையில் எஸ்ஐஎல் மதிப்பை நாமே தேர்ந்தெடுக்க முடியும். சாதாரண ஜிபிஎஸ்ஸைக் கொடுத்துவிட்டு எஸ்ஐஎல் 3, எஸ்டிஏ 2 என்று போட்டால் பெட்டி மறு பேச்சு பேசாமல் அதையே ஒலிபரப்பும். பக்கத்து விமானத்தின் மோதல் எச்சரிக்கையும் கட்டுப்பாட்டாளரின் திரையும் அதை நம்பும். அது விதிமீறல் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. விதிக்குப் பொருந்தாத ஜிபிஎஸ் இருக்கும்வரை அங்கே பூஜ்யம்தான் இருக்க வேண்டும். பூஜ்யத்தோடு அந்த வளையத்துக்குள் பறக்க முடியாது.

ஆகவே உங்கள் ஈஃபிஸ் எந்த நிறுவனத்தது என்று பாருங்கள். டைனான் ஸ்கைவியூ என்றால் எஸ்வி-எக்ஸ்பிஎன்டிஆர்-261 டிரான்ஸ்பாண்டருக்கு எஸ்வி-ஜிபிஎஸ்-2020 ரிசீவர் ஜோடி. திரையோடு வரும் எஸ்வி-ஜிபிஎஸ்-250 இருந்தால் அது வரைபடத்துக்கு மட்டும், ஏடிஎஸ்-பிக்கு ஆகாது. கார்மின் ஜி3எக்ஸ் என்றால் ஜிடிஎக்ஸ் 45ஆர், அதற்கு ஜிபிஎஸ் 20ஏ. திரை வேறு நிறுவனத்தது என்றாலும் டிரிக் டிடி22, அதோடு டிரிக்கின் டிஎன்72 ஜிபிஎஸ் என்று போகலாம். உங்கள் திரை அதைக் கட்டுப்படுத்துமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றில் பெரும்பாலானவை இருக்கைக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் ரகம். பேனலில் ஓட்டை வெட்ட வேண்டாம், ஸ்க்வாக் எண்ணை (கட்டுப்பாட்டாளர் தரும் நான்கிலக்க அடையாள எண்) திரையிலேயே மாற்றலாம், உயரத் தகவலை ஈஃபிஸே தருவதால் தனி என்கோடரும் மிச்சம்.

978 ஏன் வேண்டாம்? பெட்டியைத் தனியாகப் பார்த்தால் அது விலை குறைவுதான். ஆனால் 978 உங்கள் டிரான்ஸ்பாண்டருக்கு மாற்று இல்லை. 91.215 விதி அந்த வளையத்துக்குள் டிரான்ஸ்பாண்டரையும் கேட்கிறது. எனவே 978 வாங்கினாலும் நண்பரின் மோட் சி, அதற்கொரு என்கோடர், இன்னோர் ஆன்டெனா, இன்னொரு கேபிள், இன்னொரு பிரேக்கர் எல்லாம் சேரும். பழைய மோட் சி பெட்டிகளில் பலவற்றில் கேவிட்டி ட்யூப் (அலையை உண்டாக்கும் வெற்றிடக் குழல்) இருக்கிறது. அது தேயும், அலைவரிசை நகரும், சூடாகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சோதனையில் தோற்றால் பழுதுபார்க்கும் செலவில் நீங்கள் மிச்சம் பிடித்தது போய்விடும்.

இரண்டு பெட்டிகள் இருந்தால் ஸ்க்வாக் எண் ஒத்துப்போக வேண்டும் என்ற தொல்லையும் உண்டு. டிரான்ஸ்பாண்டர் ஒன்றைச் சொல்ல 978 வேறொன்றைச் சொன்னால் கட்டுப்பாட்டாளர் திரையில் ஒரே விமானம் இரண்டாகத் தெரியும். இதைத் தவிர்க்க, டிரான்ஸ்பாண்டர் அனுப்பும் பதிலை ஒட்டுக்கேட்டு எண்ணையும் உயரத்தையும் எடுத்துக்கொள்ளும் முறை வந்தது. யூஏவியானிக்ஸ் எக்கோயூஏடி அப்படித்தான் செய்கிறது. கார்மின் ஜிடிஎல் 82 டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனா கேபிளின் நடுவிலேயே உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறது. நன்றாக இருக்கும் மோட் சியோடு ஏற்கனவே பறந்துகொண்டிருக்கும் விமானத்துக்கு இவை உண்மையிலேயே நல்ல தீர்வு. ஆனால் ரேடார் கேள்வி கேட்டால்தான் டிரான்ஸ்பாண்டர் பதில் சொல்லும், பதில் சொன்னால்தான் ஒட்டுக்கேட்க எதுவும் இருக்கும். ரேடார் எட்டாத தாழ்வான இடங்களில் எண் விடுபட்டு, பறந்தபின் எஃப்ஏஏ தரும் செயல்திறன் அறிக்கையில் அது சிவப்பாக நிற்கும். பேனலே இன்னும் வெட்டாத உங்களுக்கு இந்தச் சிக்கல் எதற்கு?

978இன் எல்லை 18,000 அடி. உங்களுக்கு அது குறையே இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே அது செல்லாது என்பது வேண்டுமானால் குறை. கனடா போகும் எண்ணம் உண்டென்றால் அங்கே செயற்கைக்கோள் வழியாகவும் கேட்பதால் மேலேயும் கீழேயும் ஆன்டெனா கொண்ட 1090 கட்டாயமான வான்வெளிகள் இருக்கின்றன.

978 வகையிலேயே, சிறகு நுனி விளக்கின் இடத்தில் பொருந்தும் ஸ்கைபீக்கன், வால் விளக்கின் இடத்தில் பொருந்தும் டெயில்பீக்கன் பற்றியும் படித்திருப்பீர்கள். இருக்கும் விளக்கு வயரிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், தனி ஆன்டெனா வேண்டாம், ஒரு மாலையில் மாட்டிவிடலாம். ஆனால் கிட்டில் வரும் பல சிறகு நுனிகளில் விளக்கு கண்ணாடி மூடிக்குள் பதிந்திருக்கும். ஸ்கைபீக்கன் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய பொருள், அங்கே பொருந்தாது. வால் விளக்கு வகை பொருந்தலாம். அதை மாட்டினால் நேவ் லைட் சுவிட்சைப் பகலிலும் அணைக்கக்கூடாது, சுவிட்சின் மேல் அதை எழுதி ஒட்டவும் வேண்டும்.

கையில் எடுத்துப்போகும் டிரான்ஸ்மிட்டரைப் பற்றி ஒரே வரி: பிரிட்டனில் அது புழக்கத்தில் இருக்கிறது, அமெரிக்க விதிக்கு அது ஏடிஎஸ்-பி அவுட் ஆகாது.

பழைய பொருள் வாங்கி மிச்சம் பிடிக்க நினைத்தால் லேபிளைப் படியுங்கள். விதி ஏற்பது ஏ1, ஏ1எஸ், ஏ2, ஏ3, பி1, பி1எஸ் வகைகளை மட்டும். பி0 என்று போட்ட குறைந்த சக்திப் பெட்டி மோட் எஸ்ஸாகவே இருந்தாலும் தேறாது. கார்மின் ஜிடிஎக்ஸ் 330 என்றால் ‘இஎஸ்’ மேம்பாடு செய்ததா என்று கேளுங்கள், செய்யாதது இடத்தை ஒலிபரப்பாது. வாங்கியதும் முதல் வேலையாக பெட்டியில் பதிந்திருக்கும் முந்தைய உரிமையாளரின் விமான அடையாள முகவரியை அழியுங்கள். இல்லையென்றால் உங்கள் விமானம் வானத்தில் அவருடைய பெயரில் பறக்கும்.

மாட்டும் வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஆன்டெனாவும் கேபிளும்தான். 1090 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 69 மில்லிமீட்டர். அந்தக் குச்சி நேராகக் கீழே நோக்கி, வயிற்றுப் பக்கத் தகட்டில் நிற்க வேண்டும். உங்களுடையது உலோக உடல் என்பதால் அதுவே ஆன்டெனாவுக்கு வேண்டிய தரைத்தளம் (அலையைத் திருப்பும் உலோகப் பரப்பு). ஆன்டெனா உட்காரும் இடத்தில் உட்பக்கம் தடிமனான பேட்ச் தகடு ரிவெட் செய்து, தொடும் பரப்பில் பெயின்ட், பிரைமரைச் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தில் உட்காரவையுங்கள். புகைக்குழாய்க்கும் எண்ணெய் பிரீதர் குழாய்க்கும் நேர் பின்னால் வேண்டாம். எண்ணெயும் கரியும் படிந்த ஆன்டெனா மெல்ல மெல்லச் செவிடாகும்.

கேபிளுக்கு ஆர்ஜி-400 போடுங்கள். இரட்டைப் பின்னல், டெஃப்லான் காப்பு, சூட்டில் உருகாது. 10 அடிக்கு ஏறக்குறைய ஒன்றரை டெசிபெல் இழப்பு வரும். 3 டெசிபெல் போனால் சக்தி பாதி போய்விட்டது. ஆகவே பெட்டியை ஆன்டெனாவுக்கு அருகில் வையுங்கள், நீளத்தைக் கையேட்டின் வரம்புக்குள் நிறுத்துங்கள். கனெக்டருக்கு உரிய டை போட்ட கிரிம்ப் கருவி வேண்டும். சாதாரணக் குறட்டால் நசுக்கிய பின்னல் மேசையில் சோதித்தால் மீட்டரில் சரியாகவே காட்டும், பறக்கும்போது அதிர்வில் விட்டு விட்டுத் தொடும். இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க ஆகும் நேரத்தில் நான்கு கேபிள் செய்துவிடலாம்.

ஜிபிஎஸ் ஆன்டெனா வானத்தைத் தடையின்றிப் பார்க்க வேண்டும். விஎச்எஃப் ரேடியோ ஆன்டெனாவிலிருந்து முடிந்த அளவு தள்ளி வையுங்கள். ரேடியோ பேசும்போது தன் அலைவரிசையின் மடங்குகளிலும் கொஞ்சம் கசியும், காரணம் எளிய கணக்கு. ஜிபிஎஸ் வரும் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். 121.175ஐ 13ஆல் பெருக்குங்கள், 131.275ஐ 12ஆல் பெருக்குங்கள், இரண்டும் அதன் வாசலில் வந்து நிற்கும். எனவே எஞ்சினை ஓட்டுவதற்கு முன்பே திறந்தவெளியில் விமானத்தை நிறுத்தி, ஜிபிஎஸ் நிலைத்தபின், 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஒவ்வொன்றிலும், யாரும் பேசவில்லை என்று கேட்டுவிட்டு, அரை நிமிடம் மைக் பொத்தானை அழுத்திப் பாருங்கள். செயற்கைக்கோள் சிக்னல் சரிந்தால் ஆன்டெனாக்களின் தூரத்தைக் கூட்டுங்கள், ரேடியோ கேபிளின் கனெக்டர்களைப் பாருங்கள். அதன்பின் யூஎஸ்பி சார்ஜரைச் செருகி இன்னொரு முறை பாருங்கள். மலிவான சார்ஜர்கள் ஜிபிஎஸ்ஸை மூழ்கடிப்பது அடிக்கடி நடப்பதுதான், அதைச் சந்தேகிக்கத் தோன்றாமல் ஆன்டெனாவை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஜிபிஎஸ்ஸிலிருந்து டிரான்ஸ்பாண்டருக்குப் போகும் சீரியல் வயரில் ஒருபக்கத்து அனுப்பும் பின் மறுபக்கத்துப் பெறும் பின்னுக்குப் போக வேண்டும், பாட் வேகம் (தரவு ஓடும் வேகம்) ஒன்றாக இருக்க வேண்டும், ஃபார்மேட் ஏடிஎஸ்-பிக்கென்று கையேடு சொன்னதாக இருக்க வேண்டும். அதே போர்ட்டில் என்எம்இஏ என்று தவறாகத் தேர்ந்தெடுத்தால் வரைபடத்தில் விமானம் சரியாகவே ஓடும், ஒலிபரப்பு மட்டும் தேறாது. கண்ணுக்குத் தெரியாத தவறு இது.

அமைப்புத் திரையில் நிதானமாக உட்காருங்கள். ‘N’ எழுத்தில் தொடங்கும் உங்கள் பதிவு எண்ணுக்கு உரிய 24 பிட் முகவரி எஃப்ஏஏ பதிவேட்டில் இரண்டு வடிவத்தில் இருக்கும்: 8 இலக்க ஆக்டல், 6 இலக்க ஹெக்ஸ். அமெரிக்க விமானத்தின் ஹெக்ஸ் ‘ஏ’ எழுத்தில் தொடங்கும், ஆக்டல் 5இல் தொடங்கும். பெட்டி எதைக் கேட்கிறதோ அதைக் கொடுங்கள். ஃப்ளைட் ஐடியில் முதலெழுத்து ‘N’ உட்பட முழுப் பதிவு எண், நடுவில் கோடோ இடைவெளியோ இல்லாமல். விமான வகை ‘இலகு’, அதாவது 15,500 பவுண்டுக்குக் கீழ். நீள அகலமும் ஜிபிஎஸ் ஆன்டெனா இருக்கும் இடமும் டேப் வைத்து அளந்ததாக இருக்கட்டும்.

‘ஏடிஎஸ்-பி இன்’ (மற்றவர்களின் ஒலிபரப்பைப் பெறும் வசதி) இருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். இன் கட்டாயமில்லை, ஆனால் டேப்லெட்டோடு பேசும் இரட்டை அலைவரிசை ரிசீவர் வைத்திருந்தால் இரண்டுக்கும் ‘ஆம்’ போடுங்கள். தரை நிலையம் உங்களைச் சுற்றி 15 கடல் மைல், மேலும் கீழும் 3,500 அடிக்குள் இருக்கும் போக்குவரத்தை உங்களுக்கென்று அனுப்புவது இந்தப் பதிலைப் பார்த்துத்தான். இலவச வானிலை 978இல் மட்டுமே வரும் என்பதால் ரிசீவர் இரட்டையாக இருப்பது நல்லது.

தரையா வானமா என்ற முடிவு உங்களைப் போன்ற நிலைச் சக்கர விமானங்களில் அதிகம் சொதப்பும். சக்கரத்தில் சுவிட்ச் கிடையாது, வேகத்தைப் பார்த்துத்தான் பெட்டி முடிவெடுக்கும். அந்த எல்லை வேகம் நீங்கள் டாக்சி செய்யும் வேகத்துக்கு நன்றாக மேலேயும் ஸ்டால் வேகத்துக்கு (சிறகு தூக்குவிசையை இழக்கும் வேகம்) கீழேயும் இருக்க வேண்டும். முடிந்தால் ஜிபிஎஸ் தரைவேகத்தைவிட ஈஃபிஸ் தரும் காற்றுவேகத்தைக் கொடுங்கள். பலத்த எதிர்க்காற்றில் மெதுவாக இறங்கும்போது தரைவேகம் எல்லைக்குக் கீழே போய், பறந்துகொண்டே ‘தரையில் இருக்கிறேன்’ என்று சொல்லிவிடும்.

பறப்பதற்கு முன் 91.413 விதி கேட்கும் டிரான்ஸ்பாண்டர் சோதனையையும், உயரத் தகவல் உங்கள் ஆல்டிமீட்டரோடு 125 அடிக்குள் ஒத்துப்போகிறதா என்பதையும் தகுதியுள்ள பட்டறையில் முடித்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பாண்டர் சோதனை 24 காலண்டர் மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். காற்றழுத்தத்தைக் கருவிகளுக்குக் கொண்டுவரும் பிட்டோ-ஸ்டாட்டிக் குழாய்களில் கசிவு இருந்தால் அங்கே தெரிந்துவிடும், அதை நீங்களே முன்கூட்டிப் பார்த்துவைத்தால் பட்டறைக் கட்டணம் இரட்டிப்பாகாது.

அதன்பின் வளையத்துக்குள் அரை மணி நேரத்துக்குக் குறையாமல், இடமும் வலமும் திரும்பி, ஏறி இறங்கிப் பறந்துவிட்டு, எஃப்ஏஏ தளத்தில் செயல்திறன் அறிக்கை கேளுங்கள். கட்டணம் கிடையாது, மின்னஞ்சலில் வரும். சிவப்புக் கட்டங்களை மட்டும் பாருங்கள். என்ஐசி, என்ஏசி பறத்தல் முழுவதும் சிவப்பென்றால் ஃபார்மேட் அல்லது ஜிபிஎஸ் ஜோடி தவறு. திரும்பும்போது மட்டும் விழுந்தால் ஆன்டெனா மறைகிறது. ரேடியோவில் பேசிய நேரங்களில் விழுந்தால் மேலே சொன்ன பெருக்கல் கணக்கு. எஸ்ஐஎல், எஸ்டிஏ சிவப்பென்றால் அமைப்புத் திரை. ஃப்ளைட் ஐடி, வகை சிவப்பென்றால் தட்டச்சுப் பிழை, ஐந்து நிமிட வேலை. தரை-வானம் கட்டம் சிவப்பென்றால் எல்லை வேகத்தை மாற்றி மறுபடி பறங்கள்.

சிவப்பே இல்லாத அறிக்கை கிடைத்ததும் அச்செடுத்து, தயாரிப்பாளரின் பொருத்தச் சான்றோடு சேர்த்து விமானக் கோப்பில் வையுங்கள். பெட்டியின் மாடல், சீரியல் எண், மென்பொருள் பதிப்பு, ஜிபிஎஸ் மாடல் நான்கையும் லாக்புக்கில் எழுதுங்கள். ஈஃபிஸ் மென்பொருளை மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் அடுத்த பறத்தலுக்கு அறிக்கை ஒன்று கேட்டு வாங்குங்கள், மேம்பாடு சில சமயம் சீரியல் போர்ட் அமைப்பைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடும்.